நான் நேராக்கிய கோடு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஊக்கம் என்னிடம் இல்லை. அது இருக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். என்னிடம் இருப்பது ஒரேயொரு சம்பவம். அதில் ஒரு மனிதர் செத்துப்போகிறார். காரணம் நான். தண்டனை வாங்கியவர் வேறொருவர். இதயத்தின் துடிப்பைத் தாளில் கோடாக வரைகிற கருவிகளைத்தான் நீங்களும் வடிவமைக்கப்போகிறீர்கள். உங்களுக்குச் சொல்லாமல் இதை வேறு யாருக்குச் சொல்ல?

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்காக மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் குந்தியிருந்தேன். றேடியோப் பெட்டியின் கண்ணாடி வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்த புதிது. இதயத்தின் மின்துடிப்பு மிகச் சிறியது. அதைப் பல நூறு மடங்கு பெருப்பித்தால்தான் பேனா அசையும். அதைப் பெருப்பிக்கும் சுற்றொன்றை டிரான்சிஸ்டரில் செய்து, கார் பற்றரியில் ஓட வைத்து, கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகலாம் என்று காட்டுவதுதான் என் ஆய்வு. நல்ல எண்ணம்தான். அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது.

எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்தவர். படித்தவர், கெட்டிக்காரர், தாளில் அழுக்குப் பட்டால் பொறுக்கமாட்டார். முதன்முதல் என் சொந்த நெஞ்சிலிருந்து எடுத்த கோட்டை ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். சுவரில் ஓடும் மின்கம்பியின் இரைச்சல் அதில் புகுந்து, கோடு முழுக்க மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

“உதென்ன? உம்மடை நெஞ்சுக்குள்ளை தேன்கூடு கட்டியிருக்கோ?” என்றார். தாளை நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். “வடிவான கோட்டோடை வாரும். வடிவில்லாட்டி என்ரை மேசைக்குக் கொண்டு வரவேண்டாம்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்து போயிற்று. அன்றைக்கு நான் படித்த பாடம், வடிவில்லாத கோடு பிழையான கோடு என்பது. அது சுத்தப் பொய் என்று விளங்க எனக்கு ஓர் உயிர் செலவானது. வடிவில்லாத கோடு ஏதோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்று கேட்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஒரு வருடம் கழித்துச் சுற்று ஓரளவு சரிவந்தபோது, “கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரி ஒண்டு சொல்லும்” என்றார் பேராசிரியர்.

“எங்கடை பக்கம் எதைத் தொட்டாலும் அப்பிடித்தான் சேர்” என்றேன். என் தகப்பனார் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேறி, குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். வன்னியில் எந்த ஆஸ்பத்திரியில் என்ன இல்லை என்பது எனக்கு மனப்பாடம். முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியைத் தெரிந்தெடுத்தோம். அதன் பெயரை எழுதமாட்டேன். அங்கே இப்போதும் செத்துப்போன அந்த மனிதரின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாங்குளம் வரை ரெயில். பிறகு ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று வழியாக பஸ். மடியில் பெட்டி, காலடியில் பற்றரி. நெடுகக் குழந்தை தூக்குகிற மாதிரி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. உலகத்துக்கு ஏதோ கொண்டுபோகிறேன் என்று நினைப்பு.

அந்த ஆஸ்பத்திரியில் டொக்டர் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து போவார். மற்ற நாளெல்லாம் அப்போதிக்கரி ஐயாதான். உங்களுக்கு அந்தச் சொல் தெரிந்திராது. அப்போதிக்கரி என்றால் டொக்டருக்குப் படிக்காமல் மருந்துக்கும் மருத்துவத்துக்கும் பயிற்சி எடுத்தவர். அந்நாளில் கிராமத்து ஆஸ்பத்திரிகளை நடத்தியவர்கள் அவர்கள்தான். இவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. அதட்டல் பேச்சு. பழைய ஆள், என் பெட்டியைக் கண்டு முகம் சுளிப்பார் என்று நினைத்துப் போனேன். நடந்தது நேர்மாறு. மனிதர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“கிளிநொச்சியிலையும் உது இல்லையே?”

“இல்லை ஐயா.”

“வவுனியாவிலை?”

“நான் அறிய இல்லை ஐயா.”

“அப்ப எங்களிட்டைத்தான் முதல் முதல்” என்றார். அவருடைய சிரிப்பு காதுவரை போனது. வாரத்துக்கு ஒருமுறை வரும் டொக்டரிடம் இதயக் கோடுகள் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை இரவல் வாங்கி, அதிலிருந்த படங்களை ஒன்றுவிடாமல் கொப்பியில் பென்சிலால் பார்த்துக் கீறினார். என்னைவிட நன்றாகக் கோடு வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஆசை தாங்காமல், கண்ணில் பட்டவனையெல்லாம் பிடித்துப் படுக்கவைத்தார். தபால்காரன், மீன் லொறிக்காரன், கோயில் சுவாமியார், எல்லாருக்கும் கையிலும் காலிலும் உப்புத்தண்ணியில் நனைத்த துணியை வைத்துத் தகட்டைக் கட்டிக் கோடு எடுத்தார். “உங்கடை நெஞ்சு பிறப்பிலேயே சிங்கம் சுவாமி” என்று சுவாமியாருக்குச் சான்றிதழ் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. என் பெட்டி மலைக்குளிரில் பிறந்தது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. வன்னி வெயிலில், தகரக் கூரையின் கீழே, பத்து மணிக்குமேல் அது தன்பாட்டில் அலையத் தொடங்கியது. கோடு மெல்ல மெல்ல ஏறித் தாளின் மேல் விளிம்புக்குப் போகும். பிறகு இறங்கிக் கீழ் விளிம்பில் முட்டும். துடிப்பெல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனால் தாளில் நில்லாது.

“என்ன தம்பி, உம்மடை கோடு குடிச்ச வெறிகாரன் வீட்டை போற மாதிரிக் கிடக்கு” என்பார் அப்போதிக்கரி. பகிடிதான். எனக்கு அது குத்தும். நாலு பேருக்கு முன்னால் தாளைக் கிழித்தவரின் முகம் நினைவுக்கு வரும்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரின் கடிதம் வந்தது. இங்கிலாந்துப் புலமைப்பரிசிலுக்கு என் பெயரைப் போட்டிருப்பதாகவும், இரண்டு மாதத்தில் நேரான, சுத்தமான கோடுகளோடு வந்து சேரும்படியும் எழுதியிருந்தார். ‘நேரான’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு கீறியிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று இப்போது கேளுங்கள். இது உங்கள் தொழில், விளங்கும். சுற்றின் நடுவில் ஒரு கொண்டென்சர் இருந்தது. இப்போது மின்தேக்கி என்கிறீர்கள். அது பெரிதாக இருந்தால் மெதுவாக மாறுகிற விசயங்களையும் உள்ளே விடும். சிறிதாக இருந்தால் வேகமாக மாறுகிறவற்றை மட்டும் விடும். சூட்டில் கோடு அலைவது மெதுவான விசயம். ஆகவே பெரியதைக் கழற்றிவிட்டு அதில் பத்தில் ஒரு பங்கு அளவானதைப் பூட்டினேன். கால் மணித்தியால வேலை. கோடு வாய்க்கால் வரம்பு மாதிரி நேராக வந்து நின்றது.

அப்போதிக்கரி கையைத் தட்டினார். பனங்கட்டியோடு தேத்தண்ணி வரவழைத்தார். நானும் தலை நிமிர்ந்துதான் குடித்தேன்.

ஆனால் சூட்டின் அலைச்சல் மட்டும்தான் மெதுவான விசயமோ? மாரடைப்பு வந்த நெஞ்சின் கோட்டில், உயர்ந்த கூர் ஒன்று வந்தபிறகு கோடு அடிக்குத் திரும்பாமல் மேட்டு நிலம் மாதிரி மேலேயே கொஞ்ச நேரம் நிற்கும். அந்த மேடுதான் ஆபத்தின் அடையாளம். அதுவும் மெதுவான விசயம். நான் பூட்டிய கொண்டென்சர் அலைச்சலோடு சேர்த்து அந்த மேட்டையும் வழித்துத் தள்ளிவிடும். எனக்கு இது தெரியாது என்று சொல்லமாட்டேன். புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். அந்த மத்தியானம் அதை நினைக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு தாளின் தொடக்கத்திலும் ஒரு பொத்தானை அழுத்துவோம். தெரிந்த அளவான ஒரு சிறு மின்னழுத்தம் போகும். கோடு படிபோல ஏறி, பொத்தானை விடும்வரை மேலே தட்டையாக நிற்கவேண்டும். கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. மாற்றத்துக்குப் பிறகு முதல்முறை பொத்தானை அழுத்தியவுடன் அப்போதிக்கரி நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, முந்தி மேசை மாதிரி நிண்டது. இப்ப ஏன் சறுக்கி விழுது?”

கண் பாருங்கள் அந்த மனிதருக்கு! என் பேராசிரியர் கண்டிருக்கமாட்டார்.

“அமத்திப் பிடிக்காதேங்கோ ஐயா” என்றேன். “ஒருக்காத் தட்டிப்போட்டு விடுங்கோ. அது காணும்.”

படித்தவன் சொல்கிறான் என்று அன்றுமுதல் அவர் பொத்தானைத் தட்டிவிட்டார். தட்டினால் சறுக்கல் தெரியாது. கருவி தன் குறையைத் தானே எழுதிக் காட்டியது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.

இரண்டு கிழமை போனது. கரையில் நின்று வலையை இழுக்கிற கரைவலைக் காலம். அங்கே வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். வலை வளைக்கிற கரைத் துண்டுக்குப் பாடு என்று பெயர். ஒரே பாட்டில் பல சம்மாட்டிகளுக்கு முறை இருக்கும். முறை வந்த நாளில் சம்மாட்டி கரையில் நிற்கவேண்டும். அவர் நில்லாவிட்டால் ஆட்களுக்குக் கை ஓடாது, முறையும் அடுத்தவருக்குப் போய்விடும். மரியாம்பிள்ளைச் சம்மாட்டிக்கு அடுத்த நாள் முறை. அன்று காலை அவருடைய மனைவி திரேசம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தா. கயிறு பார்த்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி மணலில் இருந்துவிட்டாராம்.

“எனக்கொண்டுமில்லை ஐயா, வாய்வு” என்றார் சம்மாட்டி. தேக்கு மாதிரி ஆள். “உவள்தான் ஊரைக் கூட்டிப்போட்டாள். ஒரு குளிசை தாங்கோ, நான் போறன்.”

“வாய்வுக்கு உப்பிடி வேர்த்துக் கொட்டுமே?” என்றா திரேசம்மா. “போட்டிருக்கிற சேட்டைப் பிழியலாம் ஐயா. இடது கை விறைக்குது எண்டவர். கேளுங்கோ, இப்ப இல்லையெண்டுவார்.”

அப்போதிக்கரி நாடி பிடித்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்கிது பிடிக்கேல்லை. மீன் லொறி பதினொரு மணிக்கு யாழ்ப்பாணம் போகுது. அதிலை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவம்” என்றார்.

“நாளைக்கு எனக்குப் பாடு ஐயா!” என்று எழும்பினார் சம்மாட்டி.

“பொறும். முதல் கோடு எடுப்பம். அதிலை ஏதும் கிடந்தால் நீர் கத்தினாலும் ஏத்தித்தான் விடுவன்.”

துணி நனைத்து, தகடு கட்டி, பொத்தானைத் தட்டி, கோடு எடுத்தார். தாள் வெளியே வந்தது. நேர்கோடு. கூருக்குப் பிறகு ஒரு மேடு இல்லை, பள்ளமில்லை. அவர் தன் கொப்பியை எடுத்து, தான் கீறிய படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். இரண்டாந்தரமும் எடுத்தார். அதே கோடு. அவருடைய காது ஒன்றைச் சொல்கிறது, என் பெட்டி இன்னொன்றைச் சொல்கிறது.

“தம்பி, என்ன சொல்லுறீர்? மெஷினிலை பிழை இராதோ?”

அந்தக் கேள்விக்குத்தான் என் வாழ்க்கை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கணத்தில் கொண்டென்சர் நினைவுக்கு வந்தது. சத்தியமாக வந்தது. லொறி புறப்பட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பழையதைப் பூட்டக் கால் மணி போதும். ஆனால் அப்படிச் செய்தால் இவ்வளவு நாளும் எடுத்த நேரான கோடுகளெல்லாம் குப்பை என்று நானே ஒத்துக்கொள்ளவேண்டும். கடிதத்தில் கீழ்க்கோடு போட்ட சொல்லும் கண்ணுக்கு முன்னால் நின்றது.

“மெஷினிலை பிழை இராது ஐயா” என்றேன்.

திரேசம்மா என் முகத்தைப் பார்த்தா. “வடிவாப் பாத்தனீங்களோ தம்பி?”

“ஓம் அம்மா.”

சம்மாட்டி சிரித்துக்கொண்டு சேட்டைத் தோளில் போட்டார். “சொன்னன்தானே!” என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். லொறி போய்விட்டது. மறுநாள் பின்னேரம், வலையின் மடி கரைக்கு ஏறுகிற நேரம், தன் பாட்டில், தன் ஆட்களுக்கு நடுவில் மரியாம்பிள்ளைச் சம்மாட்டி விழுந்து செத்துப்போனார்.

செய்தி வந்தது. ஒருவரோடும் கதைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பொத்தானை அமத்திப் பிடித்தேன். கோடு ஏறி, கண் மூடித் திறக்குமுன் சறுக்கி விழுந்தது. பழைய கொண்டென்சரைப் பூட்டினேன். பொத்தானை அமத்தினேன். மேசை மாதிரி நின்றது. இனிச் சந்தேகமில்லை. சின்னக் கொண்டென்சரைச் சேட்டுப் பைக்குள் போட்டேன். பெட்டியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன். அப்படி வைத்தது தந்திரம் என்று அப்போது நான் நினைக்கவில்லை. ஆனால் தந்திரமாகத்தான் முடிந்தது.

ஏனென்றால் பத்து நாளில் விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒரு டொக்டர் வந்தார். பொத்தானை அமத்திப் பார்த்தார். ஒரு குறையில்லை. தன் கையிலேயே தகட்டைக் கட்டி எடுத்துப் பார்த்தார். சோக்கான கோடு. பழுதான கருவியை நானே திருத்தி, அத்தாட்சியை அழித்து, அவருக்கு முன்னால் வைத்திருந்தேன்.

“மெஷின் சரி. அப்ப கையிலைதான் பிழை” என்றார் அப்போதிக்கரியைப் பார்த்து. “துணியை ஒழுங்கா நனைச்சனீரோ? தகடு இறுக்கமாக் கட்டினனீரோ?”

நேர்மையான மனிதருக்கு நேர்மையால்தான் கேடு. ஓமென்று அடித்துச் சொல்லியிருக்கலாம். அவர் யோசித்தார். “சரியாத்தான் கட்டினனான் எண்டு நினைக்கிறன்” என்றார். அந்த ‘நினைக்கிறன்’ போதுமாயிருந்தது.

வாசலில் கறுப்புச் சீலையோடு நின்ற திரேசம்மா, “அந்தத் தம்பியும் பாத்துச் சொன்னவர்” என்றா. வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீர் டொக்டரோ?”

“இல்லை.”

“அப்ப நீர் சொன்னது கணக்கில்லை. வெளியிலை நில்லும்.”

வெளியே போய் நின்றேன். வாய் திறக்கவேண்டிய நேரம் அது. உள்ளே திரும்பிப்போய்ச் சேட்டுப் பையிலிருந்ததை மேசையில் வைத்திருந்தால் முடிந்தது. நான் என்ன உணர்ந்தேன் தெரியுமா? ஆறுதல். வெட்கம் கெட்ட ஆறுதல். தப்பிவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே அருவருக்கிறது.

அப்போதிக்கரியைத் தரம் இறக்கி, வவுனியாப் பக்கம் காட்டோரத்து மருந்துச் சாலை ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் சாமான் கட்டுகிற நாளில் போய்ப் பார்த்தேன். கரையில் ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவருக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. சம்மாட்டியின் கோட்டை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நாள் முழுக்கப் பாத்திட்டன். எனக்குப் பிடிபடேல்லை. நான் எதைத் தவற விட்டனான்? நீர் ஒருக்காக் காட்டும். இனிமேல் ஒருத்தனை அப்பிடி விடக்கூடாது.”

அந்தத் தாளில் தவறவிட ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததையெல்லாம் நான் வழித்தெடுத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்தது. கோட்டில் ஓரிடத்தில் சின்ன நடுக்கம் ஒன்று இருந்தது. படுத்திருந்தவர் கையை அசைத்திருப்பார், அவ்வளவுதான். அதில் விரலை வைத்தேன்.

“இதுதான் ஐயா. இதிலை ஒரு நடுக்கம் தெரியுது, பாருங்கோ. துணி காஞ்சு தகடு விட்டிருக்கு. ஆரெண்டாலும் கவனிக்க மாட்டினம்.”

அவர் குனிந்து அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். “ஓம்” என்றார் மெல்ல. “ஓம். கிடக்கு. நான்தான் காணேல்லை.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு கொப்பியை எடுத்து, அந்த நடுக்கத்தை அச்சொட்டாகப் பார்த்துக் கீறிக்கொண்டார்.

மலைநாட்டுக்குத் திரும்பிப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டு முடித்தார். “விசாரணை முடிஞ்சுதுதானே? நீர் எஞ்சினியர், டொக்டரில்லை. போய் அத்தியாயத்தை எழுதும்” என்றார். எழுதினேன். வெப்பமான இடங்களில் கோட்டின் அலைச்சலைக் குறைக்க எளிய வழி என்று அந்தச் சின்னக் கொண்டென்சரைப் பற்றியே ஒரு பகுதி எழுதினேன். பரீட்சித்தவர்கள் தாள்களைப் பார்த்து மெச்சினார்கள். பட்டம் கிடைத்தது, இங்கிலாந்தும் கிடைத்தது. என் சுவரில் தொங்குகிற சான்றிதழைப் பார்த்து நீங்கள் சிலர் படம் எடுத்துக்கொண்டு போனீர்களே, அது இதுதான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து அரசாங்க வேலையில் சேர்ந்தேன். வெளிநாட்டில் செய்த புது இதயக் கருவிகள் இறங்கியிருந்தன. வவுனியாவுக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒன்றைப் பூட்டிக் கொடுக்கப் போனால், வாசலில் அப்போதிக்கரி ஐயா நிற்கிறார். தண்டனைக் காலம் முடிந்து அங்கே போட்டிருந்தார்கள். மயிர் நரைத்துவிட்டது. காற்சட்டை மடிப்பு மட்டும் அப்படியே.

“வாரும், வாரும்!” என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே ஓர் இளம் மிஸ்ஸி நின்றா. தாதியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “பிள்ளை, இவர்தான் நான் சொல்லுற ஆள். அந்த நடுக்கத்தைக் கண்டுபிடிச்சுத் தந்தவர்.”

கொப்பியைத் திறந்து காட்டினார். நான் பொய் சொன்ன இடம் ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாகக் கீறி, சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. “மிஸ்ஸிமாருக்கு முதல் படிப்பிக்கிறது இதைத்தான். நடுக்கம் கிடந்தால் கோட்டை நம்பாதையுங்கோ, திருப்பி எடுங்கோ. நடுக்கம் இல்லாட்டிக் கோடு உண்மை, நம்பி வீட்டை விடலாம். என்ன தம்பி, சரிதானே?”

நான் தப்புவதற்குச் சொன்ன பொய்யை அவர் மருத்துவமாக்கி வைத்திருந்தார். அதை நம்பி இன்னும் எத்தனை பேரை வீட்டுக்கு விடப்போகிறார்களோ? அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொண்டென்சர், பொத்தான், சேட்டுப் பை, விசாரணை, நடுக்கம், எல்லாம். மிஸ்ஸி வாயைப் பிளந்துகொண்டு நின்றா.

அப்போதிக்கரி முழுதையும் கேட்டார். பிறகு என் தோளில் தட்டினார்.

“இல்லைத் தம்பி” என்றார். “நீர் எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறீர். எனக்கு விளங்குது.”

“ஐயா, சத்தியமாச் சொல்லுறன்...”

“மெஷினை விசாரணைக்கு வந்தவர் பரிசோதிச்சவர். சரியாத்தானே இருந்தது? என்ரை கைப்பிழையை நான் ஏத்து, திரேசம்மாவிட்டையும் போய் மன்னிப்புக் கேட்டிட்டன். அவாவும் மன்னிச்சு விட்டிட்டா. நீர் ஏன் வீணாக இழுத்துப் போடுறீர்?” மிஸ்ஸியின் பக்கம் திரும்பினார். “பாத்தியே பிள்ளை. இங்கிலாந்திலை படிச்ச மனுசன். எனக்காகப் பழியைத் தன்ரை தலையிலை போடுறார். இப்பிடியும் ஆக்கள் இருக்கினம்.”

புதுக் கருவி மேசையில் திறந்தபடி கிடந்தது. என் பையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற சூட்டுக்கோல் இருந்தது, கொண்டென்சர்கள் இருந்தன. சின்னதைப் பூட்டிப் பொத்தானை அமத்திக் காட்டியிருந்தால், சறுக்குகிற கோட்டை அந்தக் கண் ஒரு நொடியில் அடையாளம் கண்டிருக்கும். கால் மணி வேலை. அவரிடம் பேசிப் பயனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் நம்பாதது எனக்கு வசதியாக இருந்தது.

கருவியைப் பூட்டிக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். நாலு மணி பஸ்ஸில் ஏறும்போது, ஜன்னலுக்குக் கீழே நின்று அவர் என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.